திண்ணை வீடுகளைச் சுவரில் மாட்டிய கதை

செலவு ஒரு லட்சத்து 91 ஆயிரம். கைக்கு வந்தது 18 ஆயிரம். வக்கீலுக்குக் கொடுத்தது இந்தக் கணக்கில் சேராது. சென்னையில் தனி ஆளாகப் புகைப்படக் கண்காட்சி வைக்க நினைப்பவர்கள் முதலில் இந்த எண்களைப் பார்த்துவிடட்டும் என்றுதான் மேலேயே போட்டுவிட்டேன். நான் ஆரம்பித்தபோது இப்படி யாரும் சொல்லவில்லை. விசாரித்த இடத்திலெல்லாம் “சூப்பரா பண்ணுங்க மேடம்” என்றுதான் சொன்னார்கள்.

நான் புகைப்படக் கலைஞர் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. பத்து வருஷத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை என்று சுற்றுவேன். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவேன். பெரிய கட்டடங்கள் பக்கம் அதிகம் போனதில்லை. அவற்றுக்குப் பேச ஆள் இருக்கிறது. அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்க ஆரம்பித்தபோது வழக்குப் போட்டார்கள், 2010-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அது தப்பித்தது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்ததை இன்னும் பேசுகிறார்கள். வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் போய்ச் செம்மொழிப் பூங்கா வந்ததைக்கூட மறக்கவில்லை. முன்னால் திண்ணையும் நடுவில் முற்றமும் உள்ள வீடு மட்டும் ஒரு சத்தமும் இல்லாமல் போய்விடுகிறது. தெருவில் பச்சை வலை கட்டினார்கள் என்றால் அடுத்த மாதம் அங்கே வானம்தான் தெரியும். தி.நகரிலும் இதே நிலைதான். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் மனை போட்ட ஊர் அது. அங்கே பின்னால் எழுந்த வளைந்த பால்கனி, உதயசூரியன் போட்ட ஜன்னல் கிரில், புருவம் மாதிரி நீண்ட சன்ஷேடு உள்ள வீடுகள் ஒவ்வொன்றாக ஸ்டில்ட் பிளஸ் ஃபோர், அதாவது கீழே வண்டி நிறுத்துமிடமும் மேலே நாலு மாடியும், ஆகிக்கொண்டிருக்கின்றன. அப்படிச் சேர்ந்த படங்களில் 24-ஐ எடுத்து ஹாலில் மாட்டலாம் என்று முடிவு செய்தேன்.

ஹால் விஷயம் முதலில். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி போன்ற இடங்களில் வைக்க வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், படங்களின் மாதிரியும் கேட்பார்கள். அந்தப் பொறுமை இருந்தால் அதுதான் நல்லது. எனக்குக் கிடைத்தது ஒரு தனியார் ஹால், ஒரு நாளைக்கு 7,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. அதைச் சேர்த்து ஆறு நாளுக்கு 49,500-ஐத் தாண்டிவிட்டது. முன்பணம் 15,000 வாங்கினார்கள். சுவரில் ஆணி தடம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு என்று பிடித்துக்கொண்டு 9,000 திருப்பிக் கொடுத்தார்கள். விற்கும் படத்தின் விலையில் 25 சதவீதம் ஹாலுக்கு என்று ஒரு விதி கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆகவே வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ஆகும் நாளுக்கும் வாடகை உண்டா, படத்துக்கு நேரே விழும் விளக்கு அவர்களுடையதா, சுவரில் ஆணி அடிக்கலாமா இல்லை மேலே கம்பியில் தொங்கவிட வேண்டுமா, கரண்ட் போனால் டீசல் யார் கணக்கு, விற்பனையில் பங்கு உண்டா, இவ்வளவையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். என் ஹாலில் வெறும் டியூப்லைட். ஸ்பாட் லைட்டை வாடகைக்கு எடுக்க 9,000 ஆனது.

எந்த மாதம் வைப்பது என்பதிலும் பணம் இருக்கிறது. ஆகஸ்டில் மெட்ராஸ் வாரம். 1639 ஆகஸ்ட் 22-ஐ ஊரின் பிறந்த நாளாக வைத்து 2004-லிருந்து கொண்டாடுகிறார்கள். அந்தச் சமயம் பழைய சென்னை என்றாலே ஆள் வரும், பத்திரிகையிலும் ஒரு துண்டுச் செய்தியாவது போடுவார்கள். ஆனால் ஊரில் ஒரு ஹாலும் காலி இருக்காது. டிசம்பரில் கச்சேரி சீசன், மயிலாப்பூர் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எனக்கு ஹால் கிடைத்தது அக்டோபர் கடைசியில். வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்காரர்கள் பால் பாக்கெட் வாங்கத்தான் வெளியே வருவார்கள். ஆரஞ்சு அலர்ட் விட்ட ஒரு நாள் முழுக்க ஹாலில் நானும் வாட்ச்மேன் அண்ணனும் மட்டும். அவர் ஒவ்வொரு படமாக நின்று பார்த்துவிட்டு, “இதுல பாதி வீட்டுக்கு எங்கப்பா வெள்ளையடிச்சிருக்காரும்மா” என்றார். அன்றைய வாடகை வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் பணமாகப் பார்த்தால் வீண்தான்.

மழையால் ஆள் வராததைவிட, மழையால் படம் கெட்டதுதான் என்னை அழ வைத்தது. பிரிண்ட் போட்ட கடையில் “நூறு வருஷம் நிக்கும், ஆர்கைவல் பேப்பர்” என்றார்கள். பெரிய படம், 20க்கு 30 அங்குலம், ஒன்றுக்கு 3,200. சின்னது 1,900. முதல் தவணை கைக்கு வந்தபோது சுண்ணாம்புச் சுவர்களெல்லாம் லேசாகப் பச்சையடித்திருந்தன. ரெட் ஆக்சைடு தரை ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் இருந்தது. கேட்டால், “உங்க ஸ்கிரீன் அப்படி மேடம்” என்று பதில். சண்டை போட்ட பிறகு மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். அதிலும் பெரிய படங்கள் சிலவற்றை என்னைக் கேட்காமலே சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் நுரை அட்டையில் ஒட்டிவிட்டார்கள். ஈரக்காற்றில் சன்போர்டு அப்பளம் போல வளைந்தது. அதில் மூன்றை நானே வேறு கடையில் காசு கொடுத்துப் போட வேண்டியதாயிற்று, 9,600. வாக்குவாதத்தில் ரசீதை எடுத்துக் காட்டலாம் என்று பார்த்தால் அதில் “போட்டோ பிரிண்ட்” என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எந்தப் பேப்பர், எத்தனை ஜிஎஸ்எம் (பேப்பரின் கனம்), பிக்மென்ட் இங்க்கா டை இங்க்கா, எதன் மேல் ஒட்டுவார்கள், எதுவும் இல்லை. இவற்றை எழுதிக் கொடுக்கத் தயங்குகிற கடையில் வேலை கொடுக்காதீர்கள். முழுப் படத்துக்கு முன், அதே பேப்பரில் நாலு அங்குலப் பட்டை ஒன்று போட்டு வாங்கி வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைச் சுவர், மரக்கதவு, மனிதத் தோல் மூன்றும் அந்தப் பட்டையில் வரும்படி படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்.

கேமரா பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் வேண்டாம். என்னுடையது 24 மெகாபிக்சல்தான். 6,000க்கு 4,000 புள்ளி. 20க்கு 30 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 200 புள்ளி வரும். 300 இருந்தால்தான் நல்லது என்பார்கள். ஆனால் அந்த அளவுப் படத்தை யாரும் மூக்கை ஒட்டிப் பார்ப்பதில்லை, நாலடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் பெரிதாகப் போடாதீர்கள்.

பிரேமுக்கு 39,600. பிராட்வே பக்கம் ஒரு சந்தில் செய்யக் கொடுத்தேன், நல்ல மனிதர். “கண்ணாடி போட்டாத்தாம்மா கௌரவம்” என்று பிடிவாதமாகப் போட்டுக் கொடுத்தார். ஹாலில் ஸ்பாட் லைட் போட்டதும் வந்தவர்கள் எல்லோரும் சிந்தாதிரிப்பேட்டை வீட்டுக்குள் தங்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு வாரக் கண்காட்சிக்குக் கண்ணாடி தேவையே இல்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் போர்டு என்கிற தடித்த அட்டை வைத்து இடைவெளி விடுவது கட்டாயம். ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரத்தில் படம் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும், பிரிக்கும்போது உரிந்து வரும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலம் வரும்படி மாட்டுங்கள். ஹாலில் வேலை செய்த பையன் எல்லாவற்றையும் சாமி படம் மாதிரி அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தான், ராத்திரி முழுக்க இறக்கிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் பணத்தோடு போகும் தொல்லை. தூக்கத்தைக் கெடுத்தது வேறு.

திருவல்லிக்கேணியில் ஒரு வீடு. எந்தத் தெரு என்று இப்போதும் சொல்ல மாட்டேன், காரணம் புரியும். கீழே குடியிருந்த மாமி, “உள்ள வந்து எடுத்துக்கோம்மா, எத்தன நாளுக்கு இருக்கப்போறதோ” என்று கூப்பிட்டு முற்றத்தைக் காட்டினார். வெளியே சுவரில் விரிசலும் அதில் வளர்ந்த அரசங்கன்றுமாக ஒரு படம், உள்ளே தூணும் முற்றமும் பளிச்சென்று ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தேன். கீழே குறிப்பில் தெருப் பெயரும் வருஷமும், விரைவில் இடிபடப் போகும் வீடு என்று ஒரு வரியும் இருந்தது. இரண்டாம் நாள் ஒருவர் வந்தார். படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றார். “இடிக்கப் போறோம்னு உங்களுக்கு யார் சொன்னது?” அவர் உரிமையாளர் குடும்பம். நாலு அண்ணன் தம்பி, பாகப்பிரிவினை முடியவில்லை, பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் பேச்சு, கீழ்வீட்டு மாமி காலி செய்ய மாட்டேன் என்கிறார், வழக்கு நடக்கிறது. எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

மறுநாள் படத்தை எடுக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ். அதே நாள் சாயங்காலம் அதே குடும்பத்தின் இன்னொரு தம்பி தொலைபேசியில், “அந்த விரிசல் போட்டோ ஒரு காப்பி வேணும், ஃபைலாவே குடுங்க, எவ்வளவுனாலும் தரோம்” என்றார். வீடு பாழடைந்துவிட்டது என்று காட்ட அவருக்கு அது வேண்டும். அன்று ராத்திரியே மாமியின் மருமகன் பேசினார். அவருக்கு உள்ளே எடுத்த படம் வேண்டும், வீடு நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்ட. ஒரே வீடு, ஒரே காலை, பத்து நிமிஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படம், இரண்டு பக்கத்துக்கும் சாட்சி. நான் அந்த வீட்டை அழகுக்காக எடுத்தேன் என்று சொன்னால் இரண்டு பேருமே நம்பத் தயாராக இல்லை.

பயந்துபோய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் பிரித்துச் சொன்னது எல்லோருக்கும் உதவும். கட்டடத்தைப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் பதிப்புரிமை (காப்பிரைட்) மீறல் ஆகாது, 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. பொதுத்தெருவில் நின்று முகப்பை எடுத்ததில் பிரச்சினை இல்லை. உள்ளே போய் எடுத்தது வேறு கணக்கு. அங்கே அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறது, குடியிருப்பவர் சம்மதம் கொடுத்தாலும் உரிமையாளர் சண்டைக்கு வரலாம். அந்த “இடிபடப் போகும்” வரிதான் மிக மோசம், அது ஒரு தரப்பின் பேச்சை நான் சுவரில் எழுதி ஒட்டியது போல் ஆகிவிடும். படத்தை எந்தத் தரப்புக்கும் தனியாகக் கொடுக்காதீர்கள் என்றார். டிஜிட்டல் படம் நீதிமன்றத்துக்குப் போனால் அதோடு சான்றிதழ் வேண்டும். முன்பு அதை 65பி சான்றிதழ் என்பார்கள், 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவு. கேமராவுக்குச் சொந்தக்காரியான நான் கையெழுத்துப் போட்டு, கூப்பிட்டால் கூண்டிலும் ஏற வேண்டி வரலாம். நீதிமன்றம் கேட்டால் கொடுக்கிறேன் என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி பதில் அனுப்பினேன். அந்த வரியைக் குறிப்பிலிருந்து எடுத்தேன், உள்ளே எடுத்த படத்தையும் இறக்கினேன். முகப்புப் படம் கடைசி வரை அங்கேயேதான் இருந்தது.

இப்போது என் பையில் ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் எப்போதும் இருக்கும். பெயர், நீங்கள் உரிமையாளரா வாடகைக்கு இருப்பவரா, எந்தெந்த இடத்தை எடுக்கலாம், கண்காட்சிக்கு, புத்தகத்துக்கு, விற்பனைக்கு, இணையத்துக்கு என்று தனித்தனிக் கட்டம், கீழே கையெழுத்து. கேட்டால் விரட்டிவிடுவார்களோ என்று பயந்தேன். நடந்தது தலைகீழ். காகிதத்தைப் பார்த்ததும், “சரி, ஏதோ முறையா பண்றா” என்று காபி கொடுக்கிறார்கள். குறிப்பில் கதவு எண் கூடாது, தெருவும் வருஷமும் போதும். கேமராவில் பதிவான அசல் ஃபைலையும் (ரா ஃபைல்) அதிலுள்ள தேதியையும் அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் பழைய ஆல்பத்திலிருந்து படம் கொடுத்தால் அதற்கும் எழுதி வாங்குங்கள். ஸ்டுடியோவுக்குக் காசு கொடுத்து எடுத்த கல்யாணப் படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமை காசு கொடுத்தவருக்குத்தான், ஸ்டுடியோவுக்கு இல்லை.

குறிப்புகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். மக்கள் படத்தைவிடக் குறிப்பின் முன்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். தமிழ்தான் முதலில், பெரிய எழுத்தில். வந்தவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த பெரியவர்கள். ராயபுரம் வீட்டுக் கூரைப் படத்தின் கீழே மெட்ராஸ் டெரஸ் என்று மட்டும் போட்டிருந்தேன். ஓய்வு பெற்ற கொத்தனார் ஒருவர் பேரனோடு வந்தவர், அரை மணி நேரம் பாடம் எடுத்தார். உத்தரம் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கல்லை நிமிர்த்திக் கோணல் வாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டி, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் தெளித்து, கடைசியில் தட்டோடு பதிப்பது வரை. “சிமென்ட்டுல ஒழுகினா ஒட்டுப் போடணும். இது தானா ஆறும்” என்றார். அவர் அனுமதியோடு ஃபோனில் பதிவு செய்தேன், மறுநாளே அதைச் சுருக்கிக் குறிப்பில் சேர்த்தேன். பேனாவும் ஒட்டும் சீட்டும் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் வையுங்கள். வருகைப் பதிவேட்டில் “வாழ்த்துகள்” தவிர ஒன்றும் வராது, சீட்டில்தான் விஷயம் வரும். சிந்தாதிரிப்பேட்டை படத்தில் ஒருவர், இந்த வாசலில்தான் தறிக்காரர்கள் பாவு போடுவார்கள் என்று தாத்தா சொல்லுவார் என எழுதியிருந்தார். 1734 வாக்கில் நெசவாளர்களுக்காகவே அமைத்த பேட்டை அது.

ஒரு பில்டர் ஆபீசிலிருந்தும் வந்தார்கள். மயிலாப்பூரில் அவர்கள் இடித்த வீட்டின் படம் என்னிடம் இருந்தது. அங்கே எழும்பும் ஃப்ளாட்டின் லாபியில் மாட்ட வேண்டுமாம். “மெயில்ல அனுப்புங்க மேடம், கீழே உங்க பேரு போடுறோம்.” கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பிரிண்டாக வாங்கினால் 6,000, ஃபைல் கிடையாது, விளம்பரத்தில் போட்டால் தனிக் கட்டணம் என்றேன். திரும்பி வரவில்லை. இதில் எனக்கு வருத்தமும் இல்லை. விற்ற நாலு படத்தையும் அந்தந்தத் தெருவில் பிறந்து வெளியூர் போனவர்கள்தான் வாங்கினார்கள். 24,000-ல் ஹால் பங்கு 6,000 போக மிச்சம்தான் நான் முதலில் சொன்ன 18 ஆயிரம்.

மறுபடி வைத்தால் ஹாலில் வைக்க மாட்டேன். சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்பட விழா 2019-ல் சேப்பாக்கம் செனட் ஹவுஸ் போன்ற இடத்துக்குப் படங்களைக் கொண்டுபோனபோது வழக்கமாகக் கண்காட்சிக்கு வராதவர்களும் வந்தார்கள். அவ்வளவு பெரிய இடம் நமக்கு எதற்கு? தெரு மண்டபம், நூலக வராந்தா, பள்ளிக்கூட ஆண்டு விழாவின் ஓரம் போதும். 24 படத்துக்குப் பதில் 12க்கு 18 அங்குலத்தில், கண்ணாடி இல்லாமல், பத்துப் படம். முப்பதாயிரத்துக்குள் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் பிரதி படத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகும், கண்காட்சிக்கு முன்பே.

பெரிய பிரேம்கள் பத்துக்கு மேல் என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார், ராமபாணப் பூச்சி வேறு வர ஆரம்பித்துவிட்டது. யாராவது கண்காட்சி வைக்கிறீர்கள் என்றால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம், கண்ணாடியை மட்டும் கழற்றிவிடுங்கள். ஆட்டோவில் ஏறாது, குட்டி யானை பிடித்து வாருங்கள்.